13 மணித்தியாலமும் ஒரு பனங்கட்டிக் குட்டானும்: சிங்கப்பூர்த் தரிப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடந்த மார்கழி விடுமுறைக்கு நானும் கணவரும் அம்மாவும் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து மெல்பேணுக்கு, மகளைப் பார்க்கப் போனோம். போகும்போது சிங்கப்பூரில் 13 மணித்தியாலம் 25 நிமிடம் தரிப்பு. திரும்பும்போது ஒன்பதரை மணித்தியாலம். அந்த இரண்டு தரிப்பையும் நேரம் நேரமாகப் பிரித்து இங்கே எழுதுகிறேன்.

எழுதக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் தாய் தகப்பன்மார் எங்கள் ஊரில் இப்போது நிறையப் பேர். போய் வந்தவர்களிடம் "ட்ரான்சிற் எப்படி?" என்று கேட்டால், "அதையேன் கேட்கிறாய், கதிரையில இருந்து நாரி விட்டுப்போச்சு" என்பார்கள். அவ்வளவு நேரத்தையும் கதிரையில் கழிக்கத் தேவையில்லை என்று நம்பித்தான் நாங்கள் திட்டம் போட்டோம். அந்தத் திட்டத்தில் சில விஷயம் சரியாக வந்தது. சில விஷயம் பிழைத்தது. பிழைத்ததில் ஒன்று அம்மாவின் உயிரோடு விளையாடிப் பார்த்தது. அதனால் அதைத்தான் கூட நேரம் எடுத்துச் சொல்லப்போகிறேன்.

ரிக்கற் எடுத்தது

ஒரே விமான நிறுவனத்தில், ஒரே நாளில் இரண்டு தெரிவு இருந்தது. சிங்கப்பூரில் 2 மணித்தியாலம் 10 நிமிட இடைவெளியோடு ஒன்று. 13 மணித்தியால இடைவெளியோடு மற்றது, ஆளுக்கு 31,000 ரூபா குறைவு. இவருக்குக் காசுக் கணக்கு பிடித்துக்கொண்டது. என் கணக்கு வேறு. அம்மாவுக்கு 73 வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, ஒரு முனையத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போய், 2 மணித்தியாலத்துக்குள் அடுத்த விமானத்தில் ஏறுவதென்றால் கொழும்பில் ஒரு சின்னத் தாமதம் வந்தாலும் எல்லாம் குழம்பும். நீண்ட தரிப்பு அந்தப் பதற்றத்தை இல்லாமல் செய்தது.

பலாலியில் இருந்தே பறக்கலாமே என்று அயலில் கேட்டார்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையம் ஆன பிறகு சென்னைக்கும், பின்னர் திருச்சிக்கும் சேவை வந்தது உண்மைதான். வீட்டில் இருந்து அரைமணித்தியாலத்தில் விமான நிலையம் என்பது பெரிய வசதி. ஆனால் சென்னை வரை ஒரு ரிக்கற், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் இன்னொரு ரிக்கற் என்று தனித்தனியாக எடுத்தால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்கவேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் அதற்குப் பொறுப்பில்லை. ஒரே ரிக்கற்றில் முழுப் பயணமும் இருப்பதுதான் நீண்ட தரிப்புக்கு அடிப்படை. பெட்டியைக் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் கொடுத்தால் மெல்பேணில் எடுக்கலாம். பெட்டியில் ஒட்டிய சீட்டில் மெல்பேணின் குறியான எம்.ஈ.எல். என்று இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். இருந்தது.

சிங்கப்பூரைத் தெரிவு செய்ததற்கு இன்னொரு பெரிய காரணம் எங்கள் கடவுச்சீட்டு. இலங்கைக் கடவுச்சீட்டோடு விசா எடுக்காமல் வெளியே கால் வைக்கக்கூடிய பெரிய இடைநிலையங்கள் அதிகம் இல்லை. சிங்கப்பூர் அதில் ஒன்று. போய் இறங்குவதற்கு முந்திய 3 நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பவேண்டும். அதற்குக் காசில்லை. காசு கேட்கும் தளம் வந்தால் அது அரசாங்கத் தளம் அல்ல. உள்ளேயே இருந்து விமானம் மாறுகிறவர்களுக்கு அந்த அட்டை தேவையில்லை, வெளியே போகிறவர்களுக்கு மட்டும்தான். நான் முதல்நாள் இரவே மூன்று பேருக்கும் நிரப்பினேன்.

மகள் தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னாள். வாய்ப்புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் எப்போதும் ஒரு துண்டு யாழ்ப்பாணப் புகையிலை இருக்கும். அது அம்மாவுக்குப் பொருளே அல்ல, உடம்பின் ஒரு பகுதி மாதிரி. உள்ளேயே இருந்தால் ஒரு கதை, குடிவரவு தாண்டினால் வேறு கதை. பெட்டியைக் கொட்டித் துடைத்து, பாக்கும் கிராம்பும் மட்டும் திரும்ப வைத்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நம் பக்கத்து வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த வழியால் போகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பெட்டியை மறக்கவேண்டாம்.

தரிப்பு எங்கே தொடங்குகிறது

விமானம் கட்டுநாயக்காவில் இரவு 12.50க்கு. நாங்கள் வான் வண்டியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டது முதல்நாள் காலை 11 மணிக்கு. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியாவில் சாப்பிட்டு, கட்டுநாயக்காவுக்கு வந்து சேர இரவு ஏழரை. அம்மா அன்று எழும்பியது விடிய நாலரைக்கு. பயணத்துக்கு முதல்நாள் யார் நித்திரை கொள்வார்கள்?

சிங்கப்பூரில் இறங்கிய நேரம் அங்கே காலை 7.20. எங்கள் நேரம் 4.50. அதாவது அம்மா ஒரு முழு நாள் விழித்த உடம்போடு இறங்கினா. விமானத்தில் கண்ணை மூடியதைக் கணக்கில் எடுக்கமுடியாது.

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் காகிதத்தில் தரிப்பு 7.20க்குத் தொடங்கியது. கொழும்பில் இருந்து போகிறவர் அன்று மத்தியானம் படுத்து எழும்பி, குளித்து, பத்து மணிக்கு விமான நிலையம் போகலாம். யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவருக்கு அந்த வசதி இல்லை. 370, 400 கிலோமீற்றர் தெருப்பயணம் முன்னாலேயே முடிந்திருக்கும். ஆகவே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைப் பற்றிக் கொழும்பாரோ சென்னையாரோ எழுதிய 'சாங்கியில் 12 மணித்தியாலம்' குறிப்புகளை அப்படியே எடுத்து எங்கள் பயணத்துக்குப் போடக்கூடாது. நாங்கள் போட்டோம்.

பட்டியலும் பிள்ளையாரும்

இவர் எழுதிவைத்த பட்டியலில் ஆறு இடம். சிங்கத்தலை மீன் சிலை, மரீனா பே, செந்தோசா, லிட்டில் இந்தியா, ஒரு பெரிய கடை, விமான நிலையத்தோடு ஒட்டிய ஜுவல். ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு, நடுவில் ரெயின் நேரமும் எழுதியிருந்தார். பார்க்க அழகான பட்டியல்.

அம்மாவிடம் கேட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னா: "சிலோன் ரோட்டுப் பிள்ளையார்."

அம்மாவின் பெரியப்பா மலாயாவில் ரெயில்வே கிளாக்காக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்தது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. அங்கேயே தங்கி வேர்விட்டவர்களும் உண்டு. சிங்கப்பூரின் முதல் வெளிவிவகார அமைச்சர் எஸ். இராஜரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். 1966இல் சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை எழுதியவரும் அவர்தான். அந்தச் சிலோன்காரர் கூடிக் கும்பிட்ட இடம்தான் கட்டோங் பகுதியில் சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் கோயில். 1850களில் ஒரு குளக்கரையில், செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாருக்கு ஓலைக்கொட்டில் போட்டுக் கும்பிடத் தொடங்கியது என்பது கோயிலின் வரலாறு. பெரியப்பா லீவில் வரும்போதெல்லாம் இந்தப் பிள்ளையாரைப் பற்றிச் சொல்வாராம். அம்மா அறுபது வருடத்துக்கு மேல் காதால் மட்டும் கேட்ட இடம்.

இவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலில் கோயில், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று முடிவானது. இந்த முடிவு சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். வேறு யாரோ போட்ட ஆறு இடத்தை விட, ஏற்கனவே மனதில் உள்ள ஒரு இடம் அரைநாளுக்குப் போதும்.

காலை 7.20 முதல் 12.10 வரை

விமானத்தை விட்டு வெளியே வர 7.50. குளித்து, இரண்டு மணித்தியாலம் படுத்து, பத்தரைக்குக் கோயிலுக்குப் போவோம் என்று நினைத்து உள்ளே உள்ள ட்ரான்சிற் ஹொட்டேலுக்குப் போனோம். அங்கே 6 மணித்தியாலக் கணக்கில் அறை தருவார்கள். ஆனால் நாங்கள் முன்கூட்டிப் பதிவு செய்யவில்லை. அறை இல்லை. காலை நேரம் எல்லாத் திசையில் இருந்தும் இரவு விமானங்கள் வந்து இறங்கும் நேரம், அறைக்கு அடிபடும் நேரமும் அதுதான். இது முதல் பிழை, முழுக்க எங்கள் பிழை.

இலவசமாகச் சாய்ந்து படுக்கும் நீள்கதிரைகள் இருக்கிற இடத்துக்குப் போனோம். எல்லாவற்றிலும் ஆள். ஒரு பையன் எழும்பி அம்மாவுக்கு இடம் விட்டான். காசு கொடுத்துக் குளிக்கும் இடத்தில் நான் அம்மாவைக் குளிக்க வார்த்தேன். அந்த வெந்நீர்தான் அன்று அம்மாவை நிமிர்த்தியது. நித்திரை முக்கால் மணித்தியாலம்கூட வராது.

கோயில் நடை மத்தியானம் சாத்தி, மாலையில்தான் திறக்கும். ஆகவே 10 மணிக்குக் குடிவரவுக்குப் போனோம். இப்போது வெளிநாட்டாருக்கும் தானியங்கிக் கதவுதான். கடவுச்சீட்டை வைத்து, முகத்தைக் காட்டினால் திறக்கிறது. அம்மாவின் விரல்ரேகை இரண்டு தரம் பிடிக்கவில்லை, ஒரு பெண் அதிகாரி வந்து உதவினா. 10.30க்கு வெளியே.

ரெயினா ரக்சியா என்று கேட்டால், வயதானவரோடு ரக்சி. விமான நிலையத்தில் இருந்து கிழக்குக் கரை வழியாகக் கோயில் 20 நிமிடம்தான். 26 டொலர் வந்தது. தனியே போகிறவர் என்றால் ரெயினே நல்லம். தானா மேராவில் மாறி பாயா லேபாரில் இறங்கினால் கோயில் அதற்கு மேல் ஒரு சின்ன பஸ் தூரம். வங்கி அட்டையையே வாசலில் தட்டிப் போகலாம், தனியே அட்டை வாங்கத் தேவையில்லை.

10.55க்கு அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினா. உள்ளே போனதும் நேராகப் பிள்ளையார் முன்னால் நின்று மூன்று தரம் தோப்புக்கரணம் போடப் பார்த்தா. முழங்கால் விடவில்லை. தலையில் குட்டிக்கொண்டு அப்படியே நின்றா. பிறகு மண்டபத்தில் ஒரு தூணோடு சாய்ந்து இருந்தா. மத்தியானப் பூசை முடியும் வரை ஒன்றும் கதைக்கவில்லை.

குட்டான்

12.10க்கு வாசலில் செருப்பை மாட்டும்போது அம்மா என் கையைப் பிடித்தா. "பிள்ளை, கை நடுங்குது." நெற்றி முழுக்க வேர்வை. உதடு வெளிறியிருந்தது.

அம்மாவுக்குச் சலரோகம். குளிசை காலைச் சாப்பாட்டோடு. விமானத்தில் விடிவதற்கு முதலே காலைச் சாப்பாடு என்று தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள், எங்கள் நேரம் மூன்றரை இருக்கும். சாப்பாடு வந்தால் குளிசை என்ற பழக்கத்தில் அம்மா குளிசையை விழுங்கிவிட்டா. தட்டில் இருந்ததில் பணிஸ் மட்டும்தான் இறங்கியது. அதன் பிறகு ஒரு தேத்தண்ணி. சிங்கப்பூர் நேரம் 12.10 என்றால் எங்கள் நேரம் 9.40. ஒரு பணிஸோடு ஆறு மணித்தியாலம், அதற்கிடையில் ஒரு பயணமும் பூசையும். மணிக்கூட்டைப் பார்த்து நான் "மத்தியானம்தானே, இனிச் சாப்பிடலாம்" என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அம்மாவின் உடம்போ வேறு மணிக்கூட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

சீனி பார்க்கும் கருவி எங்கே? பெரிய பெட்டிக்குள், மெல்பேண் போகிற பெட்டிக்குள். இரண்டாவது பிழை.

கைப்பையில் மகளுக்கென்று இரண்டு பனங்கட்டிக் குட்டான், அதாவது சின்ன ஓலைப்பெட்டிக்குள் வார்த்த பனங்கட்டி, இருந்தது. பெட்டியில் நசிந்துவிடும் என்று கையில் எடுத்தது. ஒன்றின் ஓலையைக் கிழித்துக் கட்டியை உடைத்து அம்மாவின் வாயில் வைத்தேன். இரண்டாவது துண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சூப்பினா. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா ஓடிப்போய்ச் சுடச்சுடப் பால்தேத்தண்ணி ஒரு குவளையில் கொண்டுவந்து தந்தா. பதினைந்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. அதன் பிறகுதான் எனக்கு நடுக்கம் பிடித்தது.

சீனி இறங்கினால் முதலில் 15 கிராம் அளவு சீனி, 15 நிமிடம் பொறுத்துப் பார்த்து, திரும்பவும் தேவையென்றால் இன்னொரு தரம், பிறகு சோறோ பிஸ்கற்றோ. இது எங்கள் கிளினிக்கில் தாதி சொல்லித்தந்தது. அதைச் செய்யக் கையில் பொருள் இருந்தது தற்செயல். திட்டம் போட்டு எடுத்து வந்ததல்ல.

தேத்தண்ணி தந்த அம்மா கிழிந்த ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்தா. "இது குட்டான்தானே? அம்மம்மா வீட்டில கண்டது" என்றா. தமிழ் சிங்கப்பூர்த் தமிழ், "அம்மம்மா" மட்டும் எங்கள் ஊர். அவவின் அம்மம்மா மானிப்பாயில் இருந்து கலியாணம் முடித்து வந்தவவாம். அவ ஒருநாளும் யாழ்ப்பாணம் வந்ததில்லை. அம்மா மற்றக் குட்டானை எடுத்து அவவின் கையில் வைத்துப் பொத்திவிட்டா. மகளுக்கு என்று கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை.

பிரிந்து போனது

கோயிலுக்குப் பக்கத்தில் சாப்பிட்டு முடிய ஒன்றரை. திட்டப்படி மூன்று பேரும் லிட்டில் இந்தியா போகவேண்டும். நான் இல்லை என்றேன். அம்மா தானே சொன்னா: "தம்பி, நீங்கள் போய்ப் பாருங்கோ. நான் பிள்ளையோட போய்ச் சரியிறன்."

இவர் பாயா லேபாரில் ரெயின் ஏறி, புகிஸில் மாறி, லிட்டில் இந்தியா போனார். 1947இல் தொடங்கிய கோமளவிலாசில் கோப்பி குடித்தார். சிராங்கூன் ரோட்டில் நடந்தார். மூன்று மணிக்கு மழை. மார்கழியில் சிங்கப்பூர் மழை எங்கள் மாரி மாதிரித்தான், குடை இல்லாமல் போனால் கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடிப் பாதைக்குள் ஒதுங்கி நிற்கவேண்டியதுதான். திரும்பும்போது டவுன்டவுன் பாதையில் எக்ஸ்போ வரை நேராக வந்து, அங்கிருந்து ஒரு நிலையம். வந்த வழியை விட இது சுகம்.

நானும் அம்மாவும் ரக்சியில் ஜுவலுக்குத் திரும்பினோம். 2019இல் திறந்த கட்டடம், முதலாம் முனையத்தோடு ஒட்டி இருக்கிறது. கண்ணாடிக் கூரையில் இருந்து 40 மீற்றர் உயரத்தால் தண்ணீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் கொட்டும் அருவியில் உலகில் இதுதான் உயரம். அதற்கு எதிரே ஒரு இருக்கை பிடித்து அம்மாவை இருத்தினேன். ஜுவல் குடிவரவுக்கு வெளியே இருக்கிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும். உள்ளேயே இருக்கிறவர்கள் முனையங்களுக்கிடையே ஓடும் குட்டி ரெயினில் இருந்து அதைப் பார்க்கலாம், இறங்கமுடியாது. அருவி தொடங்குவதும் காலை 10, 11 மணிக்குப் பிறகுதான். விடியக் காலையில் போய் நின்று ஏமாறவேண்டாம்.

பிரிந்து போவதற்கு முதல் ஒன்று செய்தோம். 5 மணிக்கு, அருவிக்கு எதிரே, அம்மா இருக்கும் இடம் என்று முடிவு செய்தோம். தொலைபேசியை நம்பவில்லை. நல்ல காலம். இவரின் தொலைபேசி மூன்றரைக்கு உயிரை விட்டது. கொண்டுவந்த சார்ஜர் எங்கள் வீட்டுப் பழைய உருண்டைமுனைச் செருகி, சிங்கப்பூரில் சதுரமுனை. 5.10க்கு நனைந்த சட்டையோடு வந்து நின்றார். கையில் மகளுக்கு ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய். அது விமானம் ஏறும் வாசலில் நடந்த சோதனையில் போனது. 100 மில்லிலீற்றருக்கு மேல் குழம்பு மாதிரி உள்ள எதுவும் கைப்பையில் போகாது, பெரிய பெட்டியோ எங்கள் கையில் இல்லை. நீண்ட தரிப்பில் கடைக்குப் போகிறவர்கள் காய்ந்த பொருளாக வாங்கட்டும்.

அம்மா விமானத்தில் ஏறியதும் படுத்தா. மெல்பேணில் இறங்க அரைமணித்தியாலம் இருக்கும்போதுதான் எழும்பினா. உணவுப் பொருள் எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் காட்டினோம். மிளகாய்த்தூள், புழுக்கொடியல், உடைத்த பனங்கட்டியின் மிச்சம். ஆஸ்திரேலியாவில் எழுதாமல் விட்டால்தான் தண்டம்.

கணக்கைத் திருப்பிப் போட்டால்

இந்த 13 மணித்தியாலம் 25 நிமிடத்தில் உண்மையில் எங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு? பின்னால் இருந்து கழித்துக்கொண்டு வந்தால்தான் தெரியும். விமானம் இரவு 8.45. வாசலில் 7.30க்கு இருக்கவேண்டும். சாங்கியின் பழைய மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை வாசலில்தான் நடக்கும், அதற்கு அங்கேயே வரிசை. குடிவரவு தாண்டி உள்ளே வர 6.30. ஆக வெளியில் கடைசி நேரம் 6 மணி. முன்னால் இறங்கி, அம்மாவைக் கொண்டு வெளியே வரும் வரை ஒன்றரை மணித்தியாலமாவது. நடுவில் மிஞ்சுவது ஒன்பது. அதில் மூன்று மணித்தியாலம் படுக்கைக்குப் போகவேண்டும் என்றால் ஆறு. அந்த ஆறில் கோயில் நடை சாத்தும் நேரம் வேறு. 13 என்று வாயில் சொல்லும்போது இருக்கும் செழிப்பு ஆறு என்றதும் போய்விடுகிறது. ஆனால் ஆறு மணித்தியாலத்தில் ஒரு இடமும் ஒரு நல்ல சாப்பாடும் தாராளமாக அடங்கும்.

இன்னொரு தரம் போவதென்றால் எதை மாற்றுவேன்? அறையை ரிக்கற்றோடு சேர்த்தே பதிவு செய்வேன். குளிசை எந்த நேரம், சாப்பாடு எந்த நேரம் என்று வைத்தியரிடம் முதலே கேட்டு, தரிப்பு நாள் முழுவதும் அம்மாவின் கையில் யாழ்ப்பாண நேரத்தில் ஓடும் மணிக்கூடு ஒன்றைக் கட்டிவிடுவேன். சீனிக் கருவியும் குளிசையும் கைப்பையில். பனங்கட்டி இரண்டு அல்ல, நாலு. இவரின் ஆறு இடப் பட்டியலை மறுக்கமாட்டேன், ஆனால் அது இவரின் பட்டியல், மூன்று பேரின் பட்டியல் அல்ல.

கனடா, ஐரோப்பாவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தங்களுக்கு வேறு வழிகள். அவர்களின் கடவுச்சீட்டுக்குப் பல கதவுகள் திறந்திருக்கும். தோஹாவில் விமான நிலையத்திலேயே மெற்றோ நிலையம் இருக்கிறது. சிவப்புப் பாதையில் முஷெய்ரிப் வரை போய், தங்கப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் சூக் வாகிஃப் சந்தை. சாதாரணப் பெட்டியில் ஒரு பயணம் 2 ரியால்தான். ஆனால் திருவிழாக் காலம் என்பது அங்கே ஆடி ஆவணி வெயில், பகலில் 40 பாகைக்கு மேல். சிறு பிள்ளைகளோடு என்றால் சந்தைக்கு இரவில் போகலாம், பகலென்றால் குளிரூட்டிய அருங்காட்சியகம்தான் புத்தி. இஸ்தான்புல் வழியாக வருகிறவர்களுக்குத் துருக்கி விமான நிறுவனமே 6 முதல் 24 மணித்தியாலத் தரிப்புள்ளவர்களை இலவசமாக நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறது, சாப்பாடும் சேர்த்து. சாங்கியிலும் அப்படி இலவசச் சுற்று உண்டு. ஐந்தரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 24க்கு உட்பட்டும் தரிப்பு இருக்கவேண்டும், சுற்று இரண்டரை மணித்தியாலம்.

திரும்பும்போது

தை நடுவில் திரும்பினோம். சிங்கப்பூரில் பிற்பகல் 1 மணிக்கு இறங்கி இரவு 10.30க்குக் கொழும்பு விமானம். இந்த முறை அறை மெல்பேணில் இருந்தே பதிவு. இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தோம். இவர் முன்பே பதிந்துவைத்த இலவசச் சுற்றுக்குப் போனார். நானும் அம்மாவும் மெல்பேண் நேரப்படி சாப்பிட்டு, குளிசை போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தோம். அம்மாவின் குறட்டை கேட்டபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லமுடியாது.

6.10க்கு அம்மா எழும்பி இருந்தா. சீனி பார்த்தேன், நன்றாக இருந்தது. இவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, இப்ப நடை திறந்திருக்கும், என்ன?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்துப் பின்னால் இருந்து கழித்தேன். 10.30. வாசலில் 9.15. வெளியில் கடைசி நேரம் 8.30. கோயிலை விட்டு 8 மணி. போய்ச் சேர 7.15. இடையில் முக்கால் மணித்தியாலம். வருகை அட்டை மெல்பேணிலேயே எல்லோருக்கும் நிரப்பியிருந்தது. கைப்பைகளோடு இவர் இருக்கச் சம்மதித்தார். மகள் தந்த பிஸ்கற் பெட்டியையும் சீனிக் கருவியையும் தோள்பையில் போட்டேன்.

அம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவடியில் நின்றா.